யாருக்கு அசிங்கம்? சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளானவங்களும் ஊர் வாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்சோ (பிள்ளைங்கள பாலியல் குத்தங்கள்ல இருந்து பாதுகாக்கற சட்டம்) கேஸ்ல பாதிக்கப்பட்ட பிள்ளைங்க கூட ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டுன்னு போயிட்டு வர்றது என் வேலை. சப்போர்ட் பர்சன்னு பேரு, ஸ்டேஷன்ல எல்லாருக்கும் "என்ஜிஓ மேடம்"தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல சட்டம் பத்திதான் கேப்பாங்கன்னு நெனச்சு செக்ஷன் நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். அதை யாரும் கேக்கல. "வெளிய தெரிஞ்சிடுமா மேடம்", "பேர் பேப்பர்ல வந்துருமா", "நாளைக்கு யாரு கட்டிப்பா", இதுதான் திரும்பத் திரும்ப. அதனால அந்தக் கேள்விங்களுக்கே இங்க பதில் எழுதறேன். நான் சொல்ற சம்பவங்கள்ல ஊரு, வயசு, உறவுமுறை எல்லாம் மாத்தியிருக்கேன், தேடாதீங்க.

நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொன்னா பிள்ளைக்குத்தானே அசிங்கம்?

இந்தக் கேள்வியக் கேட்டவங்க எல்லாருமே பிள்ளை மேல பாசம் உள்ளவங்க, அத முதல்ல சொல்லிடறேன். பயத்துல கேக்கறாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, இப்ப முப்பது தாண்டிட்டாங்க. அவங்களுக்கு பத்து வயசுல, கூடவே இருந்த மாமா ஒருத்தர் தொந்தரவு குடுத்திருக்காரு. அம்மாகிட்ட சொன்னாங்க, அம்மா பாட்டிகிட்ட சொன்னாங்க, பாட்டி "வாய மூடு"ன்னாங்க, அதோட முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பெரியம்மா பொண்ணுக்கு சடங்கு. சீர் தட்டு தூக்க சின்னப் பொண்ணுங்கள வரிசையா நிக்க வெச்சாங்க, இவங்க கையில வாழைப்பழத் தட்டு. மண்டப வாசல்ல ஒரு சித்தி வந்து ஒண்ணும் சொல்லாம அந்தத் தட்ட வாங்கி பக்கத்துப் பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த மாமா அந்நேரம் முதல் பந்தில உக்காந்து வடை கேட்டுட்டு இருந்தாராம். "மாமா பண்ணதக்கூட பாதி மறந்துட்டேங்க, அந்தத் தட்டு மறக்கல"ன்னு சொன்னாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, இவங்க வீட்ல யாரும் வெளிய சொல்லவே இல்ல. கேஸ் கிடையாது, போலீஸ் கிடையாது. அப்புறமும் சித்திக்குத் தெரிஞ்சிருக்கு. மூடி வெச்சா தெரியாதுங்கறதெல்லாம் நம்ம கற்பனை, குடும்பத்துக்குள்ள காத்து மாதிரி போயிடும், போலீசுக்கு மட்டும்தான் போகாது. அப்ப மூடினதுல லாபம் யாருக்குன்னு பாத்துக்கோங்க.

"கற்பழிப்பு"ன்னு சொன்னா ஏன் சண்டைக்கு வர்றீங்க? தமிழ் வார்த்தைதானே?

தமிழ் வார்த்தைதான், அதுதான் பிரச்சனையே. கற்ப அழிச்சது. அப்ப இந்தப் புள்ளைகிட்ட இருந்த ஏதோ ஒண்ணு அழிஞ்சுபோச்சு, இனி இல்லன்னு அந்த ஒத்த வார்த்தைக்குள்ளயே தீர்ப்பு இருக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னங்க கற்பு? வீட்ல திருடு போனா "வீடு கெட்டுப்போச்சு"ன்னா சொல்றோம்? திருடன்னு அவனத்தான சொல்றோம். "கெடுத்துட்டான்", "சீரழிச்சிட்டான்", "கெட்டுப்போன பொண்ணு" எல்லாம் இதே ரகம்தான். பாலியல் வன்கொடுமை, வன்புணர்வுன்னு இப்ப நிறைய பேர் எழுத ஆரம்பிச்சிருக்காங்க, நல்லது.

இன்னொரு பக்கம் "சில்மிஷம்", "சீண்டல்". அம்பது வயசு ஆள் ஆறு வயசுக் குழந்தைய தொடக்கூடாத எடத்துல தொட்டதுக்கு தலைப்பு "சிறுமியிடம் சில்மிஷம்". ஏதோ தீபாவளிக்கு பட்டாசு திரிய கிள்ளிப் போட்ட மாதிரி. ஒரு வார்த்தை குழந்தைய அழிச்சிடுது, இன்னொரு வார்த்தை குத்தத்தையே அழிச்சிடுது.

"பாதிக்கப்பட்டவர்"னு சொல்லலாமா "மீண்டவர்"னு சொல்லலாமான்னும் கேப்பாங்க. அந்தப் பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, அவ்ளோதான். பேர் சொல்லக்கூடாத எடத்துல எதச் சொன்னாலும் எனக்கு ஓகே.

கேஸ் குடுத்தா பேர், போட்டோ வெளிய வந்துருமா?

சட்டப்படி வரக்கூடாது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14ல இருந்து அமல்ல இருக்கு, அதுல 23வது பிரிவு: பிள்ளையோட பேரு, அட்ரஸ், போட்டோ, குடும்ப விவரம், ஸ்கூல், தெரு, எத வெச்சு கண்டுபிடிக்க முடியுமோ அது எதையும் எந்த மீடியாவும் போடக்கூடாது. போட்டா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே. கேஸ் நடக்கறதும் மூடின அறையிலதான், வேடிக்கை பாக்க யாரும் உள்ள வர முடியாது.

சட்டத்துல இருக்கறது அப்படியே நடக்குதான்னா, இல்ல. 2019ல பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை கேஸ்ல ஒரு போலீஸ் அதிகாரியே பிரஸ் மீட்ல அந்தப் பொண்ணோட பேரச் சொன்னாரு, அப்புறம் அரசாணைலயும் விவரம் வந்துச்சு. ஐகோர்ட் மதுரை கிளை 25 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொன்னாங்க. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி கேஸ்ல எஃப்ஐஆரே நெட்ல கசிஞ்சுது, சென்னை ஐகோர்ட் மறுபடி அதே 25 லட்சம். ரெண்டு பேருமே குழந்தைங்க இல்ல, பெரிய பொண்ணுங்கதான், ஆனா இத எதுக்குச் சொல்றேன்னா பேர் வெளிய வந்த அந்த ஒரு நாள் நியூஸப் பாத்துட்டு எத்தன வீட்ல "பாத்தியா, அதான் வேணாம்னு சொன்னேன்"ன்னு கதவ சாத்தியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கே மூணு ஃபோன் வந்துச்சு, குடுத்த கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்க முடியுமான்னு.

அப்புறம் நம்ம ஆளுங்க. 2018ல ஜம்மு காஷ்மீர் கத்துவால வன்கொடுமை பண்ணிக் கொல்லப்பட்ட குழந்தையோட போட்டோவ எத்தன பேர் டிபியா வெச்சீங்க? நல்ல எண்ணத்துலதான். அந்தக் குழந்தை அடையாளத்த வெளியிட்டதுக்கு டெல்லி ஐகோர்ட் மீடியா நிறுவனங்களுக்கு தலா 10 லட்சம் கட்டச் சொல்லுச்சு. அதே வருஷ கடைசில சுப்ரீம் கோர்ட்டும் தெளிவா சொல்லிடுச்சு, இறந்துபோனவங்களா இருந்தாலும் அடையாளத்த வெளியிட கூடாதுன்னு. வாட்ஸ்அப் ஃபார்வர்டு பண்ற மாமாங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

போலீஸ் வண்டி வீட்டு வாசல்ல நின்னாலே தெருவுக்கே தெரிஞ்சிடுமே?

யூனிஃபார்ம்ல வரக்கூடாதுங்க. வாக்குமூலம் பிள்ளை வீட்லயோ பிள்ளைக்கு வசதியான எடத்துலயோ, முடிஞ்ச வரைக்கும் எஸ்ஐ ரேங்குக்கு குறையாத பெண் போலீஸ்தான் வாங்கணும். ராத்திரி பிள்ளைய ஸ்டேஷன்ல வெக்கவே கூடாது. எங்க வீட்டுக்கு வேணாம், அத்தை வீட்டுக்கு வாங்கன்னு நீங்களே சொல்லலாம், கேட்டா பல ஸ்டேஷன்ல ஒத்துப்பாங்க. கேக்கலாம்னே ஜனங்களுக்குத் தெரியறதில்ல. ஒரு எஸ்ஐ அம்மா சுடிதார் போட்டுகிட்டு ஸ்கூட்டில வந்து, கையில ஒரு பிக் ஷாப்பர் பைய வெச்சுகிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டதுக்கு "சீட்டுப் பணம் கட்ட வந்தேன்"னு சொல்லிட்டு உள்ள வந்தாங்க. பைல இருந்தது கேஸ் கட்டு. அப்படி ஆளும் இருக்காங்க, வாசல்ல நின்னு சத்தமா விசாரிக்கற ஆளும் இருக்காங்க.

டாக்டர் டெஸ்ட்ல "கன்னி இல்ல"ன்னு எழுதிருவாங்களா?

அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாது, மருத்துவப்படி அப்படி எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது. ரெண்டு விரல் பரிசோதனைன்னு ஒரு கொடுமை இருந்துச்சு, அது அந்தரங்க உரிமைய மீறுதுன்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லிடுச்சு, 2022ல சென்னை ஐகோர்ட்டும் தடை பண்ணச் சொல்லுச்சு, அதே வருஷம் சுப்ரீம் கோர்ட் இனி பண்றவங்க மேல ஒழுங்கு நடவடிக்கைன்னு சொல்லுச்சு. யாராவது ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்லுங்க. பொண்ணா இருந்தா லேடி டாக்டர்தான் பாக்கணும், அம்மாவோ பிள்ளை நம்பற யாராவதோ கூட இருக்கலாம். எஃப்ஐஆர் கொண்டு வந்தாதான் பாப்போம்னு ஆஸ்பத்திரி சொல்லக்கூடாது.

ஸ்கூல்ல "பிள்ளையோட நல்லதுக்கு டிசி வாங்கிக்கோங்க"ன்னு சொல்றாங்க

இந்த "நல்லதுக்கு" வர்றப்ப எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் என் எதிர்லயே சொன்னாங்க, "மத்த பேரன்ட்ஸ் என்ன நெனப்பாங்க, பாப்பாக்கும் இங்க கஷ்டம்". பாப்பா ஏழாம் கிளாஸ். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ஸ்கூல் கோகோ டீம். வேன் டிரைவர் பண்ண தப்புக்கு அவ டீம், ஃப்ரெண்ட்ஸ், கடைசி பெஞ்ச் எல்லாத்தையும் விடணுமாம், வேன் மட்டும் அதே ரூட்ல ஓடுமாம். நாங்க டிசி வாங்கல. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல எழுதிக் குடுத்தோம், ஸ்கூல் இறங்கி வந்துச்சு. ஆனா நேர்மையா சொல்லணும்னா அடுத்த வருஷம் பாப்பா வீட்லயே வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. ஸ்டாஃப் ரூம தாண்டறப்ப டீச்சருங்க பேச்ச நிறுத்தறத அவளால தாங்க முடியல.

விஷயம் தெரிஞ்சும் ரிப்போர்ட் பண்ணாம மூடி மறைக்கற நிர்வாகத் தலைவருக்கு போக்சோல ஒரு வருஷம் வரை ஜெயில் இருக்கு. 2021 மே மாசம் சென்னைல ஒரு பெரிய ஸ்கூல் ஆசிரியர் மேல பழைய மாணவிங்க இன்ஸ்டாகிராம்ல வரிசையா எழுதினாங்க ஞாபகம் இருக்கா, அப்புறம்தான் தமிழ்நாட்டுல பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417ல மாணவர்கள் இத சொல்லலாம்னு ஸ்கூல்ல பரவலா சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒரு பொண்ணு எழுதினதப் பாத்து பத்து பேர் எழுதினாங்க. முதல் ஆளுக்கு எவ்ளோ பயம் இருந்திருக்கும்.

பையனுக்கு நடந்தா என்ன பெரிசு? ஆம்பளப் பிள்ளைதானே

துளிர்னு சென்னைல ஒரு அமைப்பு, 2006ல நகரத்து ஸ்கூல் பிள்ளைங்க 2,211 பேர்கிட்ட கேட்டு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஏதோ ஒரு வகைல பாலியல் கொடுமைய சந்திச்சதா சொன்னவங்க 42 சதவீதம். பொண்ணுங்க 39, பசங்க 48. அடுத்த வருஷம் மத்திய அரசு 13 மாநிலத்துல பண்ண ஆய்வுலயும் பாதிக்கப்பட்டதா சொன்ன பிள்ளைங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் மேல பசங்கதான். போக்சோவும் பையன் பொண்ணுன்னு பிரிக்கல.

ஆனா கேஸ்னு வர்றது எத்தன பையன்? பொண்ணுன்னா "ஐயோ"ன்னு சொல்லவாவது ஆள் இருக்கு. பையன் சொன்னா சிரிப்பாங்க, இல்ல "நீ அந்த மாதிரியா"ன்னு கேப்பாங்க, ஸ்கூல்ல "ஒன்பது"ன்னு பட்டப்பேர் விழும் (அந்த வார்த்தையே திருநங்கைகள கேவலப்படுத்தறது, அது தனிக்கதை). பண்ணது பொம்பளையா இருந்தா இன்னும் மோசம். ஒரு தம்பி இருபத்தாறு வயசுல, மாடில நாலு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட முதல் தடவையா வாயத் தொறந்திருக்கான், டியூஷன் அக்கா பண்ணதப் பத்தி. ஒருத்தன் "மச்சி, உனக்கு லக்குடா"ன்னு டம்ளர உசத்தியிருக்கான். இவனும் கூட சேந்து சிரிச்சிருக்கான். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் யார்கிட்டயும் பேசல. அந்த டியூஷன் அக்கா பண்ணப்ப அவனுக்கு பதினோரு வயசு.

அப்பவே ஏன் சொல்லல? இப்ப வந்து சொன்னா எப்படி நம்பறது?

யார்கிட்ட சொல்லணும்? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடற கணக்கப் பாருங்க, போக்சோ வன்கொடுமை கேஸ்ல பத்துக்கு ஒம்பதுக்கு மேல குத்தவாளி பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆள். தாத்தா, சித்தப்பா, மாடி வீட்டு அங்கிள், பஜனைக்கு வர்றவரு. பிள்ளைக்கு முதல்ல சாக்லேட் குடுத்து, அம்மாவுக்கு சிலிண்டர் தூக்கிக் குடுத்து, வீட்டையே கைக்குள்ள போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க. அதுக்கு மேல பிள்ளைக்கு அது என்னன்னே வார்த்தை இருக்காது. "அந்த மாமா வேணாம்", "வயிறு வலிக்குது, டியூஷன் போகல", இப்படித்தான் சொல்லும். அதுவும் சொன்னதுதான், நமக்குத்தான் கேக்கல.

ஓடலையே, கத்தலையேன்னும் கேப்பாங்க. பயத்துல உடம்பு கல்லு மாதிரி ஆயிடும், பெரியவங்களுக்கே ஆகும். பண்ணப்ப உடம்புக்கு ஏதோ கூசின மாதிரி இருந்துச்சுன்னு குத்த உணர்ச்சில செத்துகிட்டு இருக்கறவங்களும் இருக்காங்க. உடம்போட இயல்பு அது, சம்மதம் கிடையாது.

அப்புறம் போக்சோன்னு சொன்னாலே "ஓ, லவ் கேஸா, ஓடிப்போச்சா"ன்னு ஒரு இழுப்பு. அப்படிப்பட்ட கேஸும் வருது, இல்லன்னு சொல்லல, ஆனா அஞ்சு வயசுக் குழந்தையோட அம்மாகிட்ட அதக் கேட்டவங்களும் இருக்காங்க.

சொந்தத்துக்குள்ளதானே, பேசி முடிச்சுக்கலாமா? பெரியவளானதும் அவனுக்கே கட்டி வெச்சிட்டா?

ஆலமரத்தடில மட்டும் இல்லீங்க, கோர்ட்லயே இது நடந்திருக்கு. கடலூர் பக்கம் ஒரு கேஸ், பொண்ணு மைனரா இருந்தப்ப வன்புணர்வு, குழந்தையும் பொறந்துடுச்சு, அவனுக்கு தண்டனையும் ஆச்சு. 2015 ஜூன்ல அப்பீல்ல சென்னை ஐகோர்ட் அவனுக்கு ஜாமீன் குடுத்து ரெண்டு பேரும் சமரச மையத்துக்குப் போங்கன்னுச்சு. அந்தப் பொண்ணு, அப்பா அம்மாவும் இல்ல, தனியா குழந்தைய வளத்துட்டு இருந்தவங்க, அவன்கூட பேச எனக்கு விருப்பமில்லன்னு தெளிவா சொன்னாங்க. கொஞ்ச நாள்லயே இன்னொரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் வன்புணர்வு வழக்குல சமரசம்ங்கற பேச்சே இருக்கக்கூடாதுன்னு சொல்ல, ஐகோர்ட் அந்த உத்தரவத் திரும்ப வாங்கிகிச்சு.

கட்டி வெக்கறதுன்னா என்ன அர்த்தம்னு ஒரு தடவ உக்காந்து யோசிங்க. எந்த ராத்திரிய நெனச்சா அவளுக்கு ஒடம்பு நடுங்குதோ அத தெனமும் குடுக்கறீங்க, தாலியோட.

கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளகிட்ட சொல்லணுமா? மறைச்சா ஏமாத்தற மாதிரி ஆகாதா?

சின்ன வயசுல நாய் கடிச்சதச் சொல்லலன்னா ஏமாத்தறதா? சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அவங்களா சொல்லணும்னு தோணி, இந்த ஆள்கிட்ட சொல்லலாம்னு நம்பிக்கை வந்தா சொல்லலாம். நிச்சயத்துக்கு முன்னாடியோ, பத்து வருஷம் கழிச்சோ, சொல்லாமலேயோ. குடும்பத்துல யாரோ "நல்லதுக்கு"ன்னு பொண்ணுக்குத் தெரியாம மாப்பிள வீட்டு காதுல போடறாங்க பாருங்க, அதுக்கு மன்னிப்பே கிடையாது.

சொன்னதும் ஓடிப்போன மாப்பிளையும் பாத்திருக்கேன். ஒருத்தர் முழுசா கேட்டுட்டு "அந்த ஆள் நம்ம கல்யாணத்துக்கு வருவானா? பத்திரிகை லிஸ்ட்ட குடு"ன்னு பேனா எடுத்து ஒரு பேர அடிச்சாரு. அந்தப் பொண்ணு இதச் சொல்லும்போது அழுதுகிட்டே சிரிச்சுது.

இந்த மாதிரி ஆனவங்கதான் பின்னாடி அதே மாதிரி பண்ணுவாங்களாமே?

பெரும்பாலானவங்க பண்றதில்ல. இத சினிமால பாத்துட்டு ஊர் பூரா பரப்பி, தன் குழந்தைய குளிப்பாட்டவே பயப்படற அப்பாக்கள உருவாக்கி வெச்சிருக்கோம்.

எனக்கு இப்ப 38 வயசு. இப்ப கேஸ் குடுக்க முடியுமா?

2012 நவம்பர் 14க்கு அப்புறம் நடந்ததுன்னா போக்சோ, ரிப்போர்ட் பண்ண வயசு வரம்பு, காலக்கெடு கிடையாதுன்னு 2018ல மத்திய அரசே தெளிவா சொல்லியிருக்கு. உங்களுக்கு அதுக்கு முன்னாடி நடந்திருக்கும், அப்ப பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்). அதுல வன்புணர்வு மாதிரி பெரிய குத்தத்துக்கு காலக்கெடு இல்ல, சில சின்ன பிரிவுகளுக்கு மூணு வருஷ கெடு இருக்கு, அதனால வக்கீல பாருங்க. சாட்சி கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கேஸ் வேணாம், யார்கிட்டயாவது பேசினா போதும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

என் பிள்ளை இப்பதான் சொல்லுச்சு. முதல்ல என்ன பண்றது?

"ஏன் அங்க போன"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. நம்பறேன், உன் மேல தப்பில்ல, சொன்னது நல்லதாச்சு. இந்த மூணு போதும், கண்ணீர் வந்தா பாத்ரூம்ல போயி அழுதுட்டு வாங்க. பிள்ளை தலைல தண்ணி ஊத்தி "சுத்தம்" பண்றது, திருஷ்டி கழிக்கறது, கோயில்ல பரிகாரம் பண்றது இதெல்லாம் பிள்ளைக்கு "நான் அழுக்கு"ன்னுதான் சொல்லும். அப்புறம் குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு ஃபோன் போடுங்க. வழக்கமா ராத்திரி பண்ற தோசையப் பண்ணுங்க, ஹோம்வொர்க் பண்ணலன்னா வழக்கம்போல திட்டுங்க. திட்டறத நிறுத்திட்டா நமக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பிள்ளைக்கு பயம் வந்துரும்.

பக்கத்து வீட்ல இப்படி ஒரு கேஸ். நாங்க எப்படி நடந்துக்கறது?

போன மாசம் எப்படி நடந்தீங்களோ அப்படி. விசாரிக்கப் போகாதீங்க, ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிட்டுப் போயி உச்சுக் கொட்டாதீங்க. உங்க பிள்ளைய "அவகூட சேராத"ன்னு சொல்லாதீங்க.

ஒரு தெருவுல கேஸ் வந்தப்புறம் பிள்ளைங்க யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகல. எதுத்த வீட்டு ஆயா மட்டும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாசல்ல நின்னு, "ஏ குட்டி, பல்லாங்குழிக்கு ஆளில்ல, வா"ன்னு எப்பவும்போல கத்திக் கூப்பிட்டாங்க. மூணு வாரம் அவ வரல. நாலாவது வாரம் வந்தா. ஆயா ஒண்ணுமே கேக்கல, சோழிய திருடறியான்னு மட்டும் சண்டை போட்டாங்களாம்.